இன்னும் தேடுறாங்க

அவன்: திரையை எதுக்கு இழுத்து மூடுற?

அவள்: வெளிச்சம் கண்ணுல அடிக்குதே... ஆடாமப் படுங்க. தையல் போட்டிருக்கு.

அவன்: எங்க போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதா! இடுப்புக்குக் கீழ யாரோட உடம்போ மாதிரி இருக்கு... நீ ஏன் நிக்கிற? காலைல உனக்கும்தானே ஊசி குத்தி முட்டை எடுத்தாங்க. உக்காரு.

அவள்: வலிக்கல.

அவன்: பொய்.

அவள்: சரி, வலிக்குது. போதுமா?

அவன்: முட்டை கிடைச்சுதுல்ல?

அவள்: ஒம்பது. எல்லாம் நல்லா இருக்காம்.

அவன்: டீச்சர் பாஸ். நான்?

அவள்: ...இன்னும் தேடுறாங்க.

அவன்: லேப்லயா?

அவள்: ம்ம். உங்க விதையைக் கீறி எடுத்ததை மைக்ராஸ்கோப்ல வச்சு... நீங்க கண்ணுல லென்ஸ் மாட்டிக்கிட்டு வாட்சுக்குள்ள தலையை விடுவீங்களே, அதே மாதிரி. உயிரணு ஒண்ணு கிடைச்சாலும் அதை முட்டைக்குள்ள வச்சுடலாமாம்.

அவன்: தேடுற வரைக்கும் லேப் வாசல்ல பல்ப் எரியும்னு நர்ஸ் சொன்னாங்களே. எரியுதா?

அவள்: எரியுது... எரியுது.

அவன்: திரையைக் கொஞ்சம் விலக்கினா நானும்...

அவள்: வேண்டாம்! எனக்குக் குளிருது.

அவன்: இப்பதானே வெளிச்சம் அடிக்குதுன்ன?

அவள்: ரெண்டும்தான். தொணதொணன்னு கேள்வி கேட்டுக்கிட்டு...

அவன்: சரி, கத்தாத. பக்கத்துக் கட்டில்ல ஆள் இருக்கு... நகத்தை ஏன் இப்படிக் கடிக்கிற?

அவள்: பசி.

அவன்: பயத்துக்கு இப்ப அதுதான் பேரா? அப்ப எனக்கும் பசிதான்... அக்கா போன் பண்ணாளா?

அவள்: பண்ணாங்க. நாம சொன்னதை நம்பி, குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டாங்க. முடிஞ்சுதுன்னேன்.

அவன்: அவ்வளவுதானா?

அவள்: அவன் வயித்தைச் சரி பண்ணிக்கிட்டான், நீ எப்ப உன் வயித்தைச் சரி பண்ணிக்கப் போறேன்னாங்க.

அவன்: நீ என்ன சொன்ன?

அவள்: பாக்கறேன் அண்ணின்னேன்.

அவன்: குறை என்கிட்ட. பேச்சு உனக்கு.

அவள்: இப்ப அது எதுக்கு... ஏங்க, ஒண்ணு கேக்கவா? கடையில ஸ்க்ரூ கீழ விழுந்து கிடைக்கலேன்னா என்ன பண்ணுவீங்க?

அவன்: தரையில படுத்துத் தேடுவேன். டார்ச் அடிச்சு, காந்தத்தை ஓட்டி...

அவள்: அப்பவும் கிடைக்கலேன்னா?

அவன்: ஏன் கேக்குற?

அவள்: சும்மா.

அவன்: பழைய வாட்ச் ஒண்ணைப் பிரிச்சு, அதோட ஸ்க்ரூவைப் போடுவேன்.

அவள்: வாட்ச் கொடுத்தவர் கண்டுபிடிச்சுட மாட்டாரா?

அவன்: அவர் எங்க பாக்குறார்! ஓடுதான்னு காதுல வச்சுக் கேப்பார். ஓடும். கட்டிக்கிட்டுப் போயிடுவார்.

அவள்: ஆனா உங்களுக்குத் தெரியுமே... அது அதோட ஸ்க்ரூ இல்லேன்னு. உறுத்தாதா?

அவன்: முதல்ல உறுத்தும்.

அவள்: அப்புறம்?

அவன்: அப்புறம்... டிக் டிக்னு சத்தம்தான் கேக்கும்.

அவள்: நிஜமாவா?

அவன்: டீச்சர்... நீ ஸ்க்ரூவைப் பத்தித்தான் கேக்குறியா?

அவள்: எனக்கு பயமா இருக்குங்க. சொன்னா நீங்க உடைஞ்சுடுவீங்களோ, என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்களோன்னு... டாக்டரம்மா வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க. வேற ஒருத்தரோட உயிரணுவை வச்சுக்கலாமா, இல்ல முட்டையை மட்டும் உறைய வச்சுட்டு வீட்டுக்குப் போறீங்களான்னு கேக்குறாங்க. இன்னும் தேடுறாங்கன்னு நான் சொன்னது...

அவன்: தெரியும். நீ திரையை இழுக்குறதுக்கு முன்னாடியே பல்ப் அணைஞ்சதைப் பார்த்துட்டேன். நான் அதைச் சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு எனக்கும் பயம்டி, அதான் உளறிக்கிட்டே கிடந்தேன்... வேற ஸ்க்ரூவே போடச் சொல்லு. அந்தத் திரையைத் திற. அப்படியே அக்காவுக்கு ஒரு போன் போட்டு என் கையில கொடு, எனக்குக் குடலிறக்கம் இல்லேன்னு நானே சொல்றேன்.