குடித்தனத்தோடு ஒரு வீடு

குடித்தனக்காரி: …அதையும் சொல்லிடறேன். சமையல்ரூம் குழாயைத் திறந்தா முதல்ல காத்துதான் வரும். அப்புறம் ஒரு சத்தம். அதுக்கப்புறம்தான் தண்ணி.

தம்பி: என்ன சத்தம்?

குடித்தனக்காரி: யாரோ தொண்டையைக் கனைக்கற மாதிரி. மெதுவாப் பேசுங்க தம்பி, உள்ள பிள்ளைங்க தூங்குது.

அக்கா: உங்க பிள்ளைங்களா?

குடித்தனக்காரி: இல்லைங்க. இந்தத் தெருவுல வேலைக்குப் போற அம்மாங்க காலையில விட்டுட்டுப் போவாங்க, சாயந்திரம் வந்து அள்ளிட்டுப் போவாங்க. அதுதான் எனக்குப் பொழப்பு.

தம்பி: சரி, அந்தச் சுவத்துல என்ன… அவ்வளவு பெரிய ஈரம்?

குடித்தனக்காரி: அதையேன் கேக்கறீங்க! மாடியில இருந்து இறங்குது. வீட்டுக்காரர் பூசிப் பூசிப் பாத்தாரு. ம்ஹூம்.

தம்பி: அக்கா… கொஞ்சம் இப்படி வா.

அக்கா: இங்கேயே சொல்லேன்டா.

தம்பி: வா, சொல்றேன்… இது வேணாம். முதல் முதல்ல வாடகைக்கு விடறதுக்குன்னு ஒரு வீடு வாங்கற. வர்ற வாடகையில ரிப்பேரைக் கழி, வரியைக் கழி, ஆளில்லாம பூட்டிக் கிடக்கற மாசத்தைக் கழி. என்ன மிஞ்சும்? பூட்டுதான் மிஞ்சும்.

அக்கா: எங்கடா கத்துக்கிட்ட இதெல்லாம்?

தம்பி: போன்ல ஒருத்தர் தினமும் சொல்றாரு.

அக்கா: அவரு எத்தனை வீடு வாங்கியிருக்காரு?

தம்பி: அது… அதைச் சொல்லல.

அக்கா: ம். கடையில தையல் மிஷின் மிதிச்சு மிதிச்சுச் சேத்த காசுடா. நாளைக்குக் கால் ஓஞ்சு போனாலும் வாடகை வருமேன்னுதான் துணிஞ்சேன். இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்ல.

தம்பி: அதனாலதான் சொல்றேன். வாங்கியே தீரணும்னா ஒரே வழிதான். விலையை அடிச்சுக் குறை. இந்தம்மாவைக் காலி பண்ணு. வெள்ளையடிச்சு வேற ஆளு வை. வாடகை தானா ஏறும்…

குடித்தனக்காரி: தம்பி… சுவரு மெலிசுங்க. அதையும் சொல்லியிருக்கணும். எல்லாம் கேக்குது.

தம்பி: ஐயோ… நான் பொதுவாச் சொன்னேங்க.

குடித்தனக்காரி: பரவாயில்லைங்க. உங்க காசு, உங்க இஷ்டம். கதவுல கரையான் வேற இருக்கு.

அக்கா: கதவு இரும்பாச்சே?

குடித்தனக்காரி: …பின்கதவு.

அக்கா: ஓ. இந்த ஈரம் எப்ப இருந்துங்க?

குடித்தனக்காரி: மழை வந்தா…

அக்கா: மழை பெஞ்சு மாசக்கணக்காச்சே.

குடித்தனக்காரி: இது… பழைய ஈரம்.

அக்கா: தொட்டுப் பாத்தேன், ஜில்லுனு இருக்கு. ஆனா சுவத்துல என் தலை உயரத்துக்கு மேல ஒரு சொட்டு ஈரம் இல்ல. மாடித் தண்ணி மேல் சுவரைத் தாண்டிக் குதிச்சா வரும்? அப்புறம்… சோப்பு வாசனை அடிக்குதுங்க.

தம்பி: என்னது!

அக்கா: கத்தாதடா, பிள்ளைங்க. நீங்க சொல்லுங்கம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

குடித்தனக்காரி: …துணி அலசின தண்ணி. நீங்க வர்றீங்கன்னு புரோக்கர் போன் பண்ணினதும் சொம்பால மொண்டு ஊத்தினேன். தப்புதாங்க. வர்றவங்க எல்லாரும் வாசப்படி ஏறும்போதே என்னைக் காலி பண்றதைப் பத்தித்தான் பேசறாங்க. நான் வேற தெருவுக்குப் போனா இந்த அம்மாங்க பிள்ளையைத் தூக்கிட்டு அங்க வருவாங்களா? இங்க இருந்தாத்தான் எனக்குச் சோறு. இதுவரைக்கும் மூணு பேரை விரட்டிட்டேன்.

தம்பி: அப்ப அந்தக் குழாய் கனைக்கறது?

குடித்தனக்காரி: அது நிஜம்.

தம்பி: அக்கா, கிளம்பு.

அக்கா: இருடா. இத்தனை பிள்ளைங்க புழங்கற வீடு. சுவத்துல எங்கயாவது ஒரு கிறுக்கல் பாத்தியா? இப்படி வச்சுக்கற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? அம்மா, நீங்க இருக்கறதா இருந்தா வாங்கறேன். வாடகை இப்போதைக்கு இதே இருக்கட்டும். குழாயை மட்டும் மாத்திடலாம்.

குடித்தனக்காரி: நிஜமாவா… அழ வைக்காதீங்க. நான் அழுதா உள்ள ஒவ்வொண்ணா எழுந்துடும்.

தம்பி: பொய் சொன்னவங்கன்னு தெரிஞ்சும் எப்படி நம்பற?

அக்கா: நான் சொல்லாத பொய்யாடா? அப்பா போனப்புறம் நீயும் நானும் வாடகைக்கு இருந்தோமே, ஸ்கூலை ஒட்டின வீடு. அதை வாங்க வந்தவங்ககிட்ட எல்லாம் எலி இருக்குன்னு சொல்லுவேன்.

தம்பி: எலிதான் இருந்துச்சே?

அக்கா: நீ பாத்தியாடா?

தம்பி: அக்கா! நான் கட்டிலை விட்டுக் கீழ காலே வைக்க மாட்டேன்! யாராவது எலின்னாலே அலறுவேன்…

அக்கா: ஒரு எலிகூட இல்லடா.

தம்பி: அடிப்பாவி! என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?

அக்கா: எப்படிடா சொல்லுவேன்? நான் சொன்னதை எவன் நம்பினான்? நீ நடுங்கறதைப் பாத்துதான் ஓடினாங்க. நீ படிப்பை முடிக்கற வரைக்கும் அந்த வீட்டுல நம்மளை இருக்க வச்சது உன் பயம்தான்டா.