கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஓடுகிற வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். ஆம்புலன்சில் வேலை பார்க்கிறவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். டிரைவர் சுயம்புலிங்கம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வளைவுகளில் வண்டியை அலுங்காமல் திருப்புவார். எனக்கென்று இஞ்சி மிட்டாய் வாங்கி வைத்திருப்பார். எங்களுக்குள் பகை இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் சொல்கிறேன். பகை எதுவும் இல்லை. அவரைப் போன்ற ஆளோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அவர் ஓட்டுவார், நான் பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்வேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். டாக்டரிடம் ஆளை ஒப்படைக்கும்போது பேசுகிறவன் நான். என்ன நடந்தது, எப்போது நடந்தது, வழியில் நாங்கள் என்ன கொடுத்தோம். நாலு வாக்கியம் போதும். ஆனால் உள்ளே வைத்தியம் தொடங்குவது அந்த நாலு வாக்கியத்தில்தான். அதைக் கச்சிதமாகச் சொல்வதில் ஜெபிஷை அடிக்க ஆளில்லை என்று எனக்கு நல்ல பெயர். சபைகளில் முதலுதவி வகுப்பு எடுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மண்டைக்காடு கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்த சுஜி என்ற காலேஜ் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அதைப் பற்றித்தான் முதல் விசாரணை. வண்டியில் வலிப்பை நிறுத்துகிற ஊசி இருந்தது. போடுவதற்கு முன் போனில் டாக்டரைக் கேட்க வேண்டும், அது விதி. அவ்வளவு கூட்டத்தில் யாருக்கு லைன் கிடைக்கும்? பிள்ளை துடித்தது, போட்டேன். வலிப்பு நின்றது. அதுவரைக்கும் நான் செய்ததில் தப்பில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மறுபடியும் வலிப்பு வெட்டியது. ஊசி ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போட்டேன் என்றால், யாரைக் கேட்டுப் போட்டாய் என்பார்கள். மெமோ வரும். நான் நிரந்தரம் ஆகாத ஆள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அவர்கள் அதே மருந்தை முழு அளவில் மறுபடியும் போட்டார்கள், பிறகு இன்னொன்று. மருந்து அளவு மீறி, பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. வருத்தம்தான். வருத்தப்படாமல் இருக்க நான் கல் இல்லை.

நான் ஊசி போட்டதைச் சுயம்பு அண்ணன் முன்பக்கத்துக் கண்ணாடி வழியே பார்த்திருந்தார். இல்லை என்று நான் சொன்னபோது ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் அப்பா புகார் கொடுத்து, எங்கள் இரண்டு பேரையும் விசாரணைக்கு வரச் சொன்ன பிறகுதான் பேசினார்.

"நீயே போய் சொல்லீரு மக்கா. எங்கிட்ட கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன், கேட்டியா. அந்தப் பிள்ளைக்க அப்பன் மொகத்த என்னால பாக்க முடியல."

அவர் மிரட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், சங்கத்துக்குப் போயிருக்கலாம். தோளில் கை போட்டு அல்லவா சொன்னார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்றாகிவிட்டது. சொன்னால் வேலை போகும், வழக்கு வரும். சொல்லாவிட்டால் அவர் சொல்வார். யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, நான் இருந்த இருப்பு உங்களுக்குப் புரிய வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் அவருக்கு லீவு. அவருடைய மனைவி பகவதியம்மாள் அக்கா திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மணவாளக்குறிச்சி டீக்கடையில் ஒருவர் விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. அன்றைக்கு எனக்கு டிரைவர் எபிசன். போய் இறங்கினால், பெஞ்சில் சுயம்பு அண்ணன் கிடக்கிறார்.

பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் ராகேல் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தாள். என் வகுப்பில் படித்தவள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

"என்னட்ட சிரிச்சுப் பேசிட்டிருந்தாருண்ணே. கிளாசக் கீழ வைக்கும்போ கை நழுவிச்சு, வாய் கோணிச்சு. இப்பம்தான், கால் மணிக்கூறு ஆகல. அத மறக்காம டாக்டர்ட்ட ஓர்மையா சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், நீ அக்காவுக்குப் போன் பண்ணு என்றேன். அதுவும் ஒருவர் செய்ய வேண்டிய காரியம்தானே.

பின்கதவைச் சாத்தியதும் உள்ளே நாங்கள் இரண்டே பேர். அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. கண் மட்டும் தெளிவாக இருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த பையன் வந்துவிட்டான், இனிப் பயமில்லை என்ற பிடி அது. அந்த வெக்கையில், அந்தப் பிடியில், எனக்குத்தான் மூச்சு முட்டியது. அப்போதுகூட நான் எதையும் தீர்மானிக்கவில்லை. ஆக்சிஜன் வைத்தேன், பிரஷர் பார்த்தேன். என் வேலையில் குறை வைக்கவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இறக்கினோம். எபிசன் வண்டியை ஒதுக்கி நிறுத்தப் போனான். டாக்டர் நல்ல மனிதர், முதல் கேள்வியே சரியான கேள்வி. கடைசியாக இவர் நன்றாக இருந்தது எப்போது?

இது ஏன் முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்க ஊசி உண்டு. சில மணி நேரத்துக்குள் போட்டால் பேச்சும் நடையும் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. நேரம் கடந்துவிட்டால் போடமாட்டார்கள், மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலும் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

நான் நிதானமாகச் சொன்னேன். "நேத்து ராத்திரி படுக்கும்போது நல்லா இருந்தாராம் டாக்டர். காலைல எழும்பும்போதே வாய் கோணி இருந்துச்சாம். அதோட டீக்கடைக்கு வந்து விழுந்துட்டாரு."

சுயம்பு அண்ணன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். என் மணிக்கட்டை விட்டுவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இடது கையால் கட்டில் கம்பியை அடித்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். பயந்திருக்கிறார் என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் சாகவில்லை, அதைக் கவனத்தில் வையுங்கள். வீட்டில் இருக்கிறார். மூளையில் சொல் பிறக்கிற இடம் போய்விட்டதால் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. நாம் சொல்வது புரிகிறது. டூட்டி முடிந்ததும் நான் தினமும் போகிறேன். துடைத்துவிடுகிறேன், கஞ்சி கொடுக்கிறேன். என்னைக் கண்டதும் கண்ணீர் விடுவார், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாசக்காரர், தாங்க முடியாது. அவர் போடும் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அக்கா என்னிடம்தான் கேட்பார். தண்ணீர் கேட்கிறார், ஃபேனைக் குறைக்கச் சொல்கிறார் என்று சொல்லிக் கொடுப்பேன்.

சுஜி வழக்கில் அவரைக் கேட்க உங்கள் ஆட்கள் வீட்டுக்கே வந்தபோதும் அக்கா என்னைத்தான் அழைத்தார். ஊசி போடவில்லை என்று ஜெபிஷ் சொன்னது உண்மையா என்று கேட்டார்கள். அவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டினார். இந்த நோயில் ஆமாவும் இல்லையும் மாறி மாறி வரும், டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டார்கள். அப்படி வருவதுண்டு என்று அவரும் சொன்னார். ஃபைலை மூடிவிட்டுப் போனார்கள்.

பிறகு ராகேல் அவரைப் பார்க்க வந்திருக்கிறாள். விழுந்த உடனே கொண்டுபோனோமே, ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடவில்லையா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. அவள் என்னிடம் சரியான நேரத்தைத் தந்தாள். நான் டாக்டரிடம் வேறு நேரத்தைத் தந்தேன். வாய் தவறிச் சொல்லவில்லை, அவர் பேசக் கூடாது என்று தெரிந்தே சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு காரியம் மட்டும் கேட்கிறேன் ஐயா. இன்று சாயங்காலம் ஒரு போலீஸ்காரரைக் கூட அனுப்பியாவது என்னை அந்த வீட்டுக்குப் போய்வர விடுங்கள். நான் போகாவிட்டால், அவர் மனசில் இருப்பதை எடுத்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?