சாமி தட்டுக்கு நேர் மேலே

"மாமா, ஏன் சாமி படமெல்லாம் முன்னுக்கு வந்துருச்சு?" என்று லக்ஷிகா ஒருநாள் கேட்டாள்.

என் கடைக்கு மேல் மாடியில் இருந்த சுஜீதாவின் மகள் அவள். ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு டொபி கையில் கொடுத்துத்தான் மேலே அனுப்புவேன்.

"வெளிச்சத்துக்கும்மா" என்றேன். அவள் படங்களைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினாள்.

என் வாக்குமூலத்தை நீங்கள் சிங்களத்திலேயே எழுதிக்கொள்ளலாம் ஐயா. கையெழுத்து வைக்குமுன் நானே வாசித்துக்கொள்வேன். சுஜீதா அசட்டையாக இருந்து செத்தாள் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அசட்டையானவள் அல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புளத்கொகுபிட்டிய பஜாரில் எங்கள் கட்டடம் நான்கு பேருக்குச் சொந்தம். அவரவர் அறை அவரவருக்கு. படிக்கட்டும் ஸ்லாப்பும் பின்சுவரும் எல்லோருக்கும் பொது. பொது இடத்தில் எதைக் கட்டுவதென்றாலும் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும் என்று உறுதிப் பத்திரத்திலேயே இருக்கிறது. கணவன் இறந்தபின் மாடி சுஜீதாவின் பெயருக்கு வந்தது. தையல் தைத்துப் பிழைத்தாள். பொதுக் குளியலறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கி வரக் கூச்சமாக இருக்கிறது என்று, பின்பக்க ஸ்லாப்பின்மேல் சொந்தமாக ஒரு குளியலறை கட்டினாள். மற்ற இருவரும் சம்மதித்தார்கள். என்னிடம் கேட்க மறந்துவிட்டாள்.

அது என் பின்னறையில் படங்கள் வைத்திருந்த சாமி தட்டுக்கு நேர் மேலே வந்தது.

காலையில் கற்பூரம் ஏற்றுவேன். மேலே குழாய் திறக்கும். தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை காத்திருப்பேன். நின்றதும் அடுத்து எப்போது விழும் என்று காது கொடுத்து நிற்பேன். உட்காருவேன், எழுவேன். இருபது வருடமாகச் சொன்ன தேவாரம் பாதியில் மறந்துபோகும்.

சமரசம் பேச இணக்க சபைக்குப் போனேன். பக்கத்துக் கடைப் பளீல் அங்கே வைத்து, "அண்ணன் சாமிக்கு ஒரு குடை பிடிச்சா சரிதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேகாலை நீதிமன்றத்தில் வழக்கு வைத்தேன். கட்டடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு பொறியியலாளரை நியமித்தார்கள்.

வழக்கு நடந்தாலும் எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. எனக்கு டெங்கு வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒன்பது நாளும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தவள் அவள். இதற்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டேன். "கடுதாசி வாசிச்சுத் தர்றீங்களே, அது போதும்ண்ணே" என்றாள். சுஜீதா சிங்களம் பேசினால் சிங்களவர்களே அவளைத் தங்கள் ஆள் என்று நினைப்பார்கள். ஆனால் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அது எனக்கு மட்டுமே தெரியும்.

அறிக்கையின் பிரதி இருவருக்கும் ஒரே தபாலில் வந்தது. சிங்களத்தில் இருந்தது. சாயங்காலம் அவள் தன்னுடையதைக் கொண்டுவந்தாள்.

"கோர்ட்டு சண்ட கோர்ட்டுல இருக்கட்டும்ண்ணே. வேற யார்கிட்டயும் காட்டினா, இவ்வளவு நல்லா பேசுறியே, வாசிக்கத் தெரியாதான்னு சிரிப்பாங்க."

நிதானமாக வாசித்து, தமிழில் சொன்னேன். நீள அகலம், கட்டிய திகதி, சுவரின் கனம். ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. பின்பக்க பீம் பழுதாகிவிட்டது, கீழிருந்து முட்டுக்கொடுத்தால் குளியலறை இருக்கலாம், அதுவரை யாரும் அதைப் பாவிக்கக்கூடாது என்ற வரி. முட்டு நிற்கவேண்டிய இடம் என் சாமி தட்டு. அதை அவள் கேட்டிருந்தால் மறுநாளே முட்டுக்கு ஆள் பிடித்திருப்பாள். குளியலறை என்றென்றைக்கும் அங்கேயே இருந்திருக்கும்.

"அவ்வளவுதானாண்ணே?"

"கோர்ட்டுத் தவணைக்கு தவறாம போயிரு தங்கச்சி" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அந்த அறிக்கையில் இருந்ததுதான். தவணைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அன்று அவளுடைய வக்கீலே அந்த வரியைச் சொல்லியிருப்பார். மழை முந்திக்கொண்டது. நான் வாசித்துச் சொன்ன ஒன்பதாம் நாள் காலை, லக்ஷிகா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சுஜீதா மேலே குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது பீம் முறிந்து, ஸ்லாப் அவளோடு கீழே வந்தது. என் பின்னறையில் ஆள் இல்லை, சாமான் இல்லை, படங்களும் இல்லை. தபால் வந்த அன்று மத்தியானமே, அவள் கடிதத்தோடு இறங்கி வருவதற்கு முன்பே, எல்லாவற்றையும் நான் முன்னால் கொண்டுவந்துவிட்டேன். அதைக் கவனித்துக் கேட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். இப்போது றக்வானையில் சித்தி வீட்டில் இருக்கிறாள்.

சுஜீதாவின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் பின்னறைக்குப் போனேன். மேலே வானம் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு என் பிரதியை எடுத்து, விட்ட வரியைத் தமிழில், அவளுக்கு விளங்கும்படி, நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை வாசித்தேன். அங்கே யாரும் இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

கஞ்சிக் கடன் அன்றோடு தீர்ந்தது ஐயா.