பெல்ட்டில் போன மண்

ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி, கடலூர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய மிஷினை ஓட்டுகிறவர்.

“அப்பாவ நானே அள்ளிப் போட்டுட்டேன்க்கா” என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது திரும்பவில்லை.

“என்னடா சொல்ற? சுரங்கத்துக்கு எடுத்துக்கிட்ட நம்ம கொல்லை வர்றப்ப மிஷின நிறுத்தி, அப்பாவப் பொதைச்ச எடத்துல சூடம் கொளுத்திட்டு, ஒரு பிடி மண்ணு எடுத்தாரேன்னு அம்மாகிட்ட சொன்னியே.”

“சொன்னேன். வரப்பு, வேப்பமரம் எல்லாத்தையும் முன்னாடியே வழிச்சுட்டாங்க. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே செவப்பு மண்ணு. இன்னும் வரலன்னு நெனச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். நெலம் அளக்குறவரு நேத்துதான் சொல்றாரு, ஒங்க கொல்லை போன வாரமே முடிஞ்சுபோச்சுன்னு.”

“அந்தக் கொல்லையிலயே வளந்த கழுத, ஒனக்கு அடையாளம் தெரியலையா?”

“தெரியலக்கா.”

“அந்த மண்ணு இப்ப எங்க?”

“மிஷினோட சக்கரத்து வாளி அள்ளி, ஓடுற பெல்ட்டுல கொட்டிடும். அது போயி மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. அதுல எங்கன்னு தேடறது?”

அக்கா, “அரியலூர்ல அம்மா அந்த மண்ணப் போட்டு வைக்கப் புதுக் கலயம் வாங்கிக் கழுவி வச்சிருக்கு. நீ வருவேன்னு வாசல்லயே ஒக்காந்திருக்கும்” என்றார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு வந்தது. எல்லோரும் இறங்க எழுந்தோம்.

“நீ அம்மாகிட்ட போக்கா. நான் இந்த பஸ்லயே திரும்பிடறேன்.”

கண்டக்டர் இறங்கச் சொல்லியும் தம்பி எழுந்திருக்கவில்லை.