பழி சுமந்த பட்டப்பெயர்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என் பேச்சைத் தாங்கிக்கொள்ளத் துணிந்துவிட்ட தலைவர் அவர்களே! இந்த ரத்த வங்கியை வளர்த்தெடுத்த பெரியோர்களே! கேட்டவுடன் கை நீட்டிய கொடையாளர்களே! மழலையை மடியில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு அடியிலேயே இடம் பிடித்துவிட்ட என் கணினிப் பிரிவுக் கண்மணிகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

கணினித் தேடலின் வேகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு பட்டப்பெயருக்காக வாதாட வந்திருக்கிறேன். கொடையாளர் விவரமெல்லாம் எங்கள் கணினியில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. அதற்கு வைத்த பெயரோ, தட்டச்சு செய்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போகும் அளவுக்கு நீளம்! அதனால் தேடல் கட்டளை எழுதும்போது, “இந்தக் கட்டளை முடியும்வரை இவர் பெயர் ‘கொ’” என்று அந்த அட்டவணைக்கு ஒரு பட்டப்பெயர் வைப்போம். அதற்குத்தான் அலியாஸ் என்று பெயர். வீட்டில் வைப்பதில்லையா நாம்? அதே கதைதான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். பிரசவ அறையில் குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவருடையதோ அரிய வகை ரத்தம். எங்கள் குளிர்பெட்டியில் அந்த வகை ஒரு பை கூட இல்லை. கொடையாளரைத் தேடக் கணினியைத் தட்டினோம். திரை சுழன்றது. மருத்துவர் பதறினார், திரை சுழன்றது. கணவர் கதறினார், திரை சுழன்றது! நேற்றுவரை நொடியில் பதில் சொன்ன தேடல், இன்று ஏன் நொண்டியடிக்கிறது?

அன்று காலையில்தான் எங்கள் பிரிவின் ‘வேகப்புயல்’ (அதோ, முகத்தை மறைத்துக்கொள்கிறாரே, அவரேதான்!) தேடல் கட்டளையில் அட்டவணைக்குப் பட்டப்பெயர் சூட்டி, சோதிக்காமலே கணினியில் ஏற்றிவிட்டிருந்தார். போதாதா? கணக்கு அதிகாரி பொங்கி எழுந்தார்.

“சுருக்கப்பேரு வச்சீங்கல்ல, அதான் கம்ப்யூட்டருக்கு ஆள் அடையாளம் தெரியாம முழிக்குது. எல்லாத்தையும் எடுத்துத் தொலைங்க!”

“சார், பேரைச் சுருக்கினா கம்ப்யூட்டருக்கு வேலை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ‘கொ’ன்னா யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் அது தேடவே கிளம்பும்,” என்றேன். கேட்டால்தானே!

அதற்குள் திரையில் சில பெயர்கள் சொட்டின. தொலைபேசி அக்கா பாய்ந்து எண்களை அழுத்தினார். எதிர்முனையில் நமது முடிதிருத்தும் அண்ணன்.

“அக்கா, நான் வேற குரூப்புன்னு சொல்லிட்டேன்ல? திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்களே, பாதி முடி வெட்டுனபடி ஒருத்தர் உக்காந்திருக்காரு!”

“நான் என்னண்ணே பண்ணுவேன்? அடுத்த பேரும் உங்க பேராத்தான் இருக்கு!”

சிரிக்கிறீர்கள். எனக்கு அப்போது வியர்த்தது. ஆனால் அந்த வார்த்தையில்தான் வழி கிடைத்தது. வேறு வகை ரத்தக்காரர் ஏன் வருகிறார்? ஒருவரே ஏன் ஓயாமல் வருகிறார்? வேகப்புயலும் நானும் கட்டளையை வரிவரியாகப் படித்தோம். எல்லா வரியிலும் ‘கொ’. ரத்த வகையைச் சரிபார்க்கும் ஒரே வரியில் மட்டும் பழைய முழுப்பெயர்!

இன்றைய மென்பொருளாக இருந்தால் பெரும்பாலும் “பிழை” என்று அங்கேயே நிறுத்தியிருக்கும். எங்களிடம் இருந்ததோ பழைய பதிப்பு. “‘கொ’ என்பவர் ஒருவர், முழுப்பெயர்க்காரர் இன்னொருவர்” என்று எண்ணி, அதே அட்டவணையை இரண்டாம் முறையும் உள்ளே இழுத்தது. ஒன்றில் ரத்த வகையைப் பார்த்தது. மற்றொன்றிலிருந்து பெயரைக் கொடுத்தது. இதில் உள்ள ஒவ்வொருவரையும் அதில் உள்ள ஒவ்வொருவரோடும் ஜோடி சேர்த்தது! இந்த அரங்கில் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம் என்றால் எப்போது போவோம்?

(யாரது, “அடுத்த வருஷம்” என்பது? சரியாகச் சொன்னீர்கள்!)

அந்த ஒரு வரியிலும் ‘கொ’ என்று திருத்தினோம். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. முதல் பெயர், ஓர் இசை ஆசிரியை. வீடு முடிதிருத்தும் கடைக்கு எதிரில்! மறுபடியும் அண்ணனையே அழைத்தார் அக்கா.

“என் ரத்தம் சேராட்டி என்னக்கா? என் ஸ்கூட்டர் சேரும்ல? டீச்சரைக் கூட்டிட்டு வர்றேன்!”

பாதி முடி வெட்டிய நிலையில் இருந்தவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பறந்தார். டீச்சர் வந்தார், ரத்தம் தந்தார், தாய் கண் திறந்தார். வராந்தாவில் நாங்கள் கட்டிக்கொண்டு அழுதோம். கணக்கு அதிகாரிதான் எல்லோரையும்விட அதிகம் அழுதார். மறுநாள் அவர் மனநிறைவுக்காகப் பட்டப்பெயரை அடியோடு நீக்கி, எல்லா வரியிலும் முழுப்பெயரே எழுதியும் ஓட்டிக் காட்டினோம். கணினி தேடிய பாதையும் அதே, வேகமும் அதே! பழி பட்டப்பெயர்மேல் இல்லை ஐயா. வைத்த பெயரைக் கடைசிவரை சொல்லாத நம்மேல்தான்.

அந்தத் தாய் இதோ முன்வரிசையில். மடியில் அந்த மகள். அப்பாவுக்கு இவள் பட்டு, மாமாவுக்குக் குண்டுமணி, டீச்சருக்குச் சின்னக்குயில். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் தன் வேகத்தில்தான் தவழ்ந்து வருகிறாள். ஆனால் வருகிறாள், அன்பர்களே! அவளை வாரி எடுக்க ஓர் அம்மா இருக்கிறார்!

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும் ரத்த வகையையும் பதிந்துவிட்டுப் போங்கள். முடிதிருத்தும் அண்ணன் சாட்சியாகச் சொல்கிறேன், இனி ஒருவரை ஒருமுறைதான் அழைப்போம். அந்த ஒருமுறை வந்துவிடுங்கள்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை இன்னும் கையில் எடுக்காத தலைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்!