தானாகப் போன வீடியோ

குமணன்சாவடியில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே, முன் சீட்டிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அன்னிக்கு எங்க நைனா பொணத்த ஊட்ல கெடத்தி வச்சிகீது, நான் போன்ல சிரிச்சிகினு கீறேன்."

தோழி பதறினாள். "இன்னாடி சொல்ற?"

"ஊட்லயே புடவை விக்கிறேன்ல. தெனம் ஒரு வீடியோ போடலன்னா பாக்குற ஆளுங்க கொறைஞ்சிடுவாங்க. அதனால ஒரு வாரத்துக்குச் சேத்து எடுத்து வச்சிருவேன். நேரம் வந்தா அதுவே தானா போயிடும். அன்னிக்கும் போயிடுச்சி. பட்டுப்புடவை கட்டிகினு சுத்திச் சுத்தி ஆடுறேன்."

"நிறுத்தி வக்கிறதுதானே?"

"நைனா போன அன்னிக்கு அது எவளுக்குடி ஞாபகம் வரும்? எங்க அண்ணன் பாத்துட்டு வந்து, எல்லார் எதிர்லயும் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்னான். நான் சொன்னத எவனும் காதுல வாங்கல. கருமாதிக்குக்கூட என்னைக் கூப்புடல."

"இப்பவாச்சும் அந்த வீடியோவ அழிச்சியா?"

"எப்புடி அழிப்பேன்? நான் போட்டதுலயே அதைத்தான் நெறைய பேர் பாத்தாங்க. அந்தப் புடவை மொத்தமும் வித்துப் போயி, மறுபடி எறக்கிகீறேன்."

பஸ் வேலப்பன்சாவடியைத் தாண்டியதும் புடவை விற்பவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"நேத்து எங்க அண்ணி, அண்ணனுக்குத் தெரியாம பக்கத்து ஊட்டுக்காரிய அனுப்பிச்சா. அதே புடவை, பச்சைக் கலர்ல வேணுமாம்."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? மடிச்சி, பையில போட்டுக் குடுத்தேன்."