தண்ணீர் வரைந்த தைலமரப் பூ

டெஸ்: "...'தூரிகை என்பது மனிதரின் ஆணவம். இனி நீரே வரையும்.' நோரீன், நெஜமாவே இதைக் கண்காட்சி அட்டையில போடப்போறியா?"

நோரீன்: "போட்டாச்சு. ஹோபார்ட் ஓவியர் சங்கத்துத் தலைவி வானெஸ்ஸா படிச்சிட்டு அழுதுட்டா."

டெஸ்: "அவ பார்க்கிங் ரசீதைப் படிச்சாலும் அழுவா."

நோரீன்: "சங்கத்துல பாதிப்பேர் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டாங்க, தெரியுமா? ஐரிஸ் காப்பியைத் தாள்ல கொட்டிட்டு, அதுக்குச் சட்டம் போட்டு மாட்டி..."

டெஸ்: "வெலை என்ன போட்டா?"

நோரீன்: "பேசாம தாள் ஒட்டின பலகையோட அந்த முனையைப் பிடி. செவப்பை ஊத்தறேன்... சாய்... மெதுவா!"

டெஸ்: "என் செருப்புல ஊத்திட்ட."

நோரீன்: "அதுவும் நீரோட முடிவுதான்."

டெஸ்: "அப்போ செருப்பையும் நீரே கழுவிக்கும்ல?"

நோரீன்: "மிச்சத்தை வாளியில வடி... ஐயோ, பாரு டெஸ்! ஊதாவுக்குள்ள செவப்பு எப்படிப் போய் நுழையுது! இத்தனை வருஷம் மெல்லிசு பிரஷ்ஷால வரைஞ்சேனே, ஒரு நாளும் எனக்கு இந்த செவப்பு வந்ததில்ல."

டெஸ்: "வருது... ஆமா. நல்லாருக்கு... ஹேர் டிரையர் போதும், காஞ்சிருச்சு. ரப்பர் பாலை உரிக்கலாமா?"

நோரீன்: "உரி. பால் பூசின எடத்துல வண்ணம் ஏறியிருக்கக் கூடாது... ஏறல. வெள்ளை வெள்ளையா, தைலமரப் பூவுக்குள்ள இருக்கற நூலு... தலைமுடி மாதிரி."

டெஸ்: "அழகாப் பூசியிருக்க."

நோரீன்: "ம்."

டெஸ்: "சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டச் சொன்னாங்களே?"

நோரீன்: "முடியாதுன்னுட்டேன். நீர் கூட்டத்துக்கு முன்னாடி பேசாது."

டெஸ்: "இதையும் அட்டையில போட்டுட்டியா?"

நோரீன்: "கேலி பண்ணாதே... ஊத்தறதை ஊத்திருவேன். மொதல்ல பால் பூசணுமே, பிரஷ் பிடிச்சு. எல்லாரும் கையையே பாப்பாங்க."

டெஸ்: "பாக்கட்டுமே. நடுங்குது. அதனால என்ன?"

நோரீன்: "...யாரு சொன்னா நடுங்குதுன்னு?"

டெஸ்: "குளிர்காலத்துலேர்ந்து பொத்தான் வெச்ச சட்டை ஒண்ணுகூட நீ போடல, நோரீன்."

நோரீன்: "இன்னும் கூடும்ங்கறார் டாக்டர்... பிரஷ் போயிருச்சு டெஸ். பூவை விட மனசு வரல. அதான் நீரு, ஆணவம்னு என்னத்தையோ எழுதி..."

டெஸ்: "சரி, சரி... அழாதே. நானும் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

நோரீன்: "சொல்லு."

டெஸ்: "நீ பூசின நூலெல்லாம் கோணக்கோணலா இருந்துச்சு. மத்தியானம் நீ தூங்கும்போது உரிச்சிட்டு நான்தான் மறுபடி பூசினேன். ஒவ்வொரு படத்துலயும். மீன் பிடிக்க இறகுல பொய் ஈ கட்டுற கைதானே... சொன்னா நீ வரையறதையே விட்டுடுவியோன்னு..."

நோரீன்: "மத்தியானத்துல எனக்கு எப்ப டெஸ் தூக்கம் வந்திருக்கு? நீ பூசி முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன்... நேத்து ரொம்ப நேரம் எடுத்துக்கிட்ட, எனக்கு முதுகே விட்டுப்போச்சு."